கம்பளிச் சாயக் கழிவுநீரை அளந்தறிதல்

ஆற்று நீரையே மையாகக் கொண்டு ஒருவர் முறையீடு எழுதினார் என்றால், அதனைக் கட்டுக்கதை என்றே பலரும் எண்ணுவர். ஆயினும் அது நிகழ்ந்ததேயாம். இங்கிலாந்தின் வடபாலுள்ள யார்க்ஷயர் பகுதியில் ஏர், கால்டர் என்னும் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. அவற்றில் மாசு சேர்ந்த வகையை ஆராய்தற்கென அமைந்த அரசாங்க விசாரணைக் குழுவினர் 1867-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கையெழுத்துத் தாளின் படி அச்சிடப்பட்டுள்ளது. வேக்பீல்டு நகரின் சாக்கடை கால்டர் ஆற்றொடு கலக்கும் இடத்தில் அன்று முகந்த நீரிலேயே பேனாவைத் தோய்த்து அத்தாள் எழுதப்பட்டது. அதனை அந்நகரச் சுகாதார சபையாருக்கே ஒருவர் காணிக்கையாக்கியிருந்தார். நீரின் நாற்றத்தையும் தாளோடு சேர்த்து அனுப்ப இயலவில்லையே என்று எழுதியவர் குறைபட்டுக்கொண்டதும் அதிலே உண்டு.

அந்தத் தாளும் ஒருவகை அளவுகோலே. ஆயினும் நீர் கறுத்திருந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் கூறவில்லை. அக்கருமை எப்பொருளால் வந்தது, எவ்வளவு வந்தது, எந்த நேரத்தில் வந்தது, எவ்வுயிர்க்குக் கேடாயிற்று என்னும் வினாக்களுக்கு எண்களே விடை கூறவேண்டும். கம்பளி தோய்க்கும் சாலையினின்று வெளிப்படும் நீரை எங்ஙனம் அளப்பது என்பதையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவ்வாறு அளந்த எண் சிற்சில வேளைகளில் உண்மைக்கு நேர்மாறாக நிற்பதுண்டு. அதனையே சிறப்பாக எடுத்துக் காட்ட விரும்புகின்றோம். ஏனெனில், சோதனைச் சாலையில் முறையைக் கற்கும் மாணவர் அம்முறை தவறும் இடத்தைக் கற்பது அரிதாயிருக்கின்றது.

கம்பளித் தொழில் யார்க்ஷயரில் வேரூன்றியதற்கு நீரே ஒரு காரணம். அப்பகுதியின் மணற்கல் மலைகளினின்று இறங்கும் நீர் மென்னீர். வன்னீரில் சோப்பு நுரையாது. கம்பளி நன்கு கழுவப்படாது. சாயமும் சீராக ஏறாது. நல்ல நீரை நாடி வந்த தொழிலே அந்நீரைக் கெடுத்தது. பிராட்போர்டு நகரின் மக்கள் தொகை 1851-இல் நூறாயிரத்தைக் கடந்தது. 1774-இல் திறக்கப்பட்ட அந்நகரக் கால்வாய், நகரின் ஓடையினின்றே நீர் பெற்று வந்தமையால், துர்நாற்றம் பொறுக்கலாற்றாத நிலையை அடைந்து 1867-இல் மூடப்பட்டது. பின்னர் வேறு நீர் கொண்டு மீண்டும் திறக்கப்பெற்று, 1922-இல் ஒரேயடியாக மூடப்பட்டது. இதனிடையே 1856-இல் பெர்கின் என்னும் இளைஞர் கரித்தாரினின்று ஊதாச் சாயத்தை ஆக்கக் கண்டார். வேரினின்றும் மரத்தினின்றும் பெற்ற சாயங்கள் மெல்ல மறைய, இரசாயன சாலைகளிற் பிறந்த சாயங்கள் தொட்டிகளில் நிறைந்தன.

தோய்த்தற்கு முன்னே கழுவுதல் என்னும் தொழில் உண்டு. ஆட்டின்மேற் கத்தரித்த மயிரில் கொழுப்பும், உலர்ந்த வியர்வையின் உப்பும், மண்ணும் கலந்திருக்கும். சில மெரினோ ஆட்டு மயிரில் எடையிற் பாதியளவும் இத்தகைய வேற்றுப் பொருளே. இதனைக் கழுவிய நீர், நகரத்துச் சாக்கடை நீரினும் பன்மடங்கு கொடியது. பிராட்போர்டு நகரார் 1906-இல் எஷோல்ட் என்னுமிடத்தில் பெருநிலம் வாங்கி அங்கே கழிவுநீர் நிலையம் அமைத்தனர். நீரிற் கந்தகத் திராவகம் இட்டுக் கம்பளிக் கொழுப்பைப் பிரித்தெடுத்து விற்றனர். மருந்துக் களிம்புகளிற் சேரும் லனோலின் என்பது கம்பளிக் கொழுப்பைத் தூய்மை செய்து பெறுவதே. இக்கொழுப்பை அளப்பது எளிது. நீரை அமிலமாக்கி, ஹெக்ஸேன் போன்ற கரைப்பானொடு குலுக்கிப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சியதை நிறுத்தறியலாம். இனித் தோய்ப்புத் தொட்டியை நோக்குவோம்.

கம்பளி பஞ்சைப் போன்றதன்று. அது நம் நகத்தையும் மயிரையும் போன்ற புரதம். அதிற் கந்தகமும் உண்டு. அமிலம் கலந்த நீரில் அப்புரதம் நேர்மின்னேற்றம் பெறுகின்றது. எதிர்மின்னேற்றமுடைய சாயத்தை அது தன்பால் இழுத்துக்கொள்கின்றது. ஆகவே, கம்பளித் தொட்டியில் சாயத்தொடு அசெட்டிக் அமிலமோ பார்மிக் அமிலமோ கந்தகத் திராவகமோ இருக்கும். கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டு இருக்கும். நிறம் திட்டுத்திட்டாகப் படியாமல் காக்கும் துணைப்பொருள்களும் இருக்கும். இவற்றைக் கொதிநிலைக்கு அணித்தாகக் காய்ச்சுவர். காய்ச்சி முடிந்ததும் சாயத்தின் பெரும்பகுதி கம்பளியில் ஏறிவிட, தொட்டிநீர் பெரிதும் வெளுத்துக் காணப்படும். இது கண்டு, தீங்கு குறைந்த தொழில் என்று எண்ணுவார் உளர். நிறமில்லாத அமிலமும் உப்பும் துணைப்பொருள்களும் அந்நீரிலேயே நிற்கின்றன என்பதை அவர் கருதுவதில்லை.

நம் நாட்டு வாசகர்க்குச் சாயக்கழிவு என்றவுடன் திருப்பூரும் நொய்யலும் நினைவுக்கு வரும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வூர்ச் சாயச் சாலைகளை மூடுமாறு ஆணையிட்டதும் பலர்க்கு நினைவிருக்கும். ஆனால் அங்குத் தோய்ப்பது பருத்தி. பருத்தியிற் சாயம் பிடித்தற்கு மிகுந்த உப்பு வேண்டும். ஆதலின் அங்கே முதற்கண் அளக்கவேண்டியது கரைந்த உப்பு. கம்பளியின் கழிவு வேறு. அதற்கேற்ப அளவையும் வேறு. ஒன்றற்கு வகுத்த சோதனைப் பட்டியை மற்றொன்றற்கு அப்படியே எடுத்தாளுதல் தகாது.

அளத்தல் என்பது குடுவையில் தொடங்குவதன்று. கால்வாய்க் கரையில் தொடங்குவது. தோய்ப்புச் சாலையின் கழிவு ஆற்றைப் போல் ஒரு சீராக ஓடுவதில்லை. தொட்டி காய்ந்துகொண்டிருக்கும் வரை ஒன்றும் வாராது; பின்னர்ச் சில நிமிடங்களில் தொட்டி முழுவதும் கவிழ்க்கப்படும்; அதன்பின் அலசிய நீர் வரும். காலையிற் கருப்பு, பிற்பகலில் வெளிர்மஞ்சள், இரவில் மீண்டும் கருப்பு. ஒரு மணிக்குப் புட்டியை நிரப்பியவனும் மூன்று மணிக்கு நிரப்பியவனும் ஒரே சாலையைப் பற்றிப் பேசுகின்றார் என்பதே தோன்றாது. ஆதலின், இருபத்துநான்கு மணி நேரமும் இடைவிட்டு நீர் முகந்து, ஒவ்வொரு முறையும் அப்பொழுது ஓடும் நீரின் அளவுக்கு ஏற்பப் பங்கிட்டுக் கலத்தல் வேண்டும்.

ஓட்டத்தை அறிதற்குக் கால்வாயின் குறுக்கே முக்கோண வெட்டுடைய பலகை ஒன்றை நிறுத்துவர். செங்கோண வெட்டாயின், வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் நிற்கும் உயரத்தை மீட்டரில் அளந்து, அதனை இரண்டரை மடிக்கு உயர்த்தி, ஏறக்குறைய 1.38 ஆல் பெருக்கினால், விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். உயரம் 10 செண்டிமீட்டராயின் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர், 20 செண்டிமீட்டராயின் ஏறத்தாழ 24.7 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேலாகின்றது. கண்ணளவாக ‘இரண்டு பங்கு ஓடுகிறது’ என்று எழுதுவோர் எத்துணைப் பிழை செய்வர் என்பது இதனால் விளங்கும்.

ஓட்டத்தை அளவாதவன் எளிதில் ஏமாற்றப்படுவான். ஒரு சாலை நாள்தோறும் 100 கன மீட்டர் கழிவுநீர் விடுகின்றது. அதன் இரசாயனவழிப் பிராணவாயுத் தேவை, இன்னதென்று பின்னர் விளக்குவோம், லிட்டருக்கு 600 மில்லிகிராம் எனக் கொள்வோம். மொத்தம் 60 கிலோகிராம். அந்நீரொடு 200 கன மீட்டர் கிணற்று நீரைக் கலந்துவிட்டால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரும். நம் நாட்டுச் சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு வகுத்த பொதுவரம்பு 250. புட்டியை மட்டும் பார்த்தவர் சாலையாரைப் பாராட்டுவர். ஆற்றுக்குச் சேர்ந்ததோ அதே 60 கிலோகிராம். கிணற்று நீரும் அதனொடு போயிற்று.

இனிப் பிராணவாயுத் தேவை என்பது யாது? நீரிற் கரைந்த பிராணவாயுவே மீனுக்கு மூச்சு. அழுகக்கூடிய பொருள் ஆற்றிற் கலந்தால், நுண்கிருமிகள் அதனைத் தின்னும்பொழுது அப்பிராணவாயுவைச் செலவிடும். எவ்வளவு செலவிடும் என்பதை அளப்பதே உயிர்வழிப் பிராணவாயுத் தேவை, இதனைப் பி.ஓ.டி. என்று வழங்குவர். இங்கிலாந்தில் 1898-இல் அமைந்த கழிவுநீர் விசாரணைக் குழுவினர் 1912-இல் வெளியிட்ட எட்டாம் அறிக்கையே இதற்கு நிலையான இடம் தந்தது. ஐந்து நாள், பாரன்ஹீட் 65 பாகை வெப்பம் என்று அவர்கள் வரையறுத்தனர். அந்நாட்டு ஆறுகளின் நீர் ஐந்து நாளுக்குள் கடலை அடைந்துவிடும் என்பது ஐந்து நாளுக்குக் கூறப்படும் காரணம். இக்காலத்தில் 20 செண்டிகிரேடு பாகையில் ஐந்து நாள் வைப்பது பெருவழக்கு. வெப்பம் மிகுந்த நம் நாட்டிலோ 27 பாகையில் மூன்று நாள் என்று முறையை மாற்றியமைத்துள்ளனர்.

அக்குழுவினரின் கணக்கு நயமானது. ஆற்றுநீரின் தேவை லிட்டருக்கு 4 மில்லிகிராமைக் கடந்தால் ஆறு கெடத் தொடங்கும் என்று கண்டனர். ஓரளவு தூய ஆற்றின் தேவை 2. ஒரு பங்கு கழிவுநீரை எட்டுப் பங்கு ஆற்றுநீர் ஏற்றுக்கொள்வதாயின், கழிவுநீரின் தேவை எவ்வளவு இருக்கலாம்? எட்டை இரண்டால் பெருக்கினால் 16. அதனொடு 20 கூட்டினால் 36. ஒன்பதால் வகுத்தால் 4. ஆகவே 20 என்று வரம்பு கட்டினர். மிதக்கும் திண்பொருளுக்கு 30 என்றனர். ‘இருபதுக்கு முப்பது’ என்னும் அவ்விணை உலகெங்கும் பரவியது. ஆனால் அதனொடு சேர்ந்து பரவியிருக்கவேண்டிய ‘எட்டுப் பங்கு ஆற்றுநீர்’ என்னும் நிபந்தனையைப் பலர் மறந்தனர். கோடையில் மணலாகக் கிடக்கும் ஆற்றுக்கு அவ்வெண்ணை அப்படியே பொருத்துதல் பொருந்துமா என்பதை வாசகரே எண்ணிப்பார்க்கலாம்.

சோதனை செய்யும் வகை வருமாறு. 20 பாகையில் ஒரு லிட்டர் நீரிற் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு ஏறக்குறைய 9 மில்லிகிராமே. நூற்றுக்கணக்கில் தேவைப்படும் கழிவுநீரைத் தனியே புட்டியில் அடைத்தால் சில மணி நேரத்தில் பிராணவாயு அற்றுப்போம். ஆதலின் அதனைக் காற்றூட்டிய தூயநீரொடு பன்மடங்கு கலந்து, கிருமி இல்லையேல் சிறிது சாக்கடை நீரை வித்தாக இட்டு, ஒளிபடாமல் வைத்து, முதல் நாளும் இறுதி நாளும் பிராணவாயுவை அளப்பர். பாலுக்கு உறைமோர் இடுவதை ஒத்தது இவ்வித்திடுதல். பிராணவாயுவை அளக்கும் முறையை வின்க்ளர் என்பார் 1888-இல் வெளியிட்டார். மாங்கனீசு உப்பும், காரமும் அயோடைடும் கலந்த கரைசலும் இட்டால், பிராணவாயுவின் அளவிற்கேற்பப் பழுப்பு வீழ்படிவு உண்டாம். அமிலமிட்டால் அயோடின் வெளிப்படும். கஞ்சிப்பசையிட்டு, நீலம் மறையும் வரை தயோசல்பேட்டுக் கரைசலைப் பியூரெட்டிலிருந்து விடவேண்டும். மாணவர் பலர் இதனைச் செய்து கைகளைக் கறைப்படுத்திக்கொண்டவரே.

இனி ஏமாற்றம் நேரும் இடத்திற்கு வருவோம். கழிவுநீரில் நஞ்சு இருப்பின் என்னாகும்? புட்டியிலுள்ள கிருமிகளே அளப்போர். அளப்போர் மயங்கி விழுந்தால் பிராணவாயு செலவாகாது. செலவாகாவிடின் எண் சிறியதாகும். எண் சிறியதாயின் நீர் தூயது என்று சான்று எழுதப்படும். கொதிக்கும் பாலில் உறையிட்டவன் மறுநாள் தயிராகாமை கண்டு, ‘இப்பால் என்றும் கெடாது’ என்று சொல்வதை இது ஒக்கும். கழிவில் நஞ்சு மிகுந்தோறும் அறிக்கை அழகாகின்றது. இது கற்பனையன்று, குரோமியம், செம்பு முதலிய உலோகங்கள் கலந்த சாயக்கழிவில் ஆய்வாளர் எதிர்பார்த்திருக்கவேண்டிய ஒன்றே.

இதனைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரே நீரை மூன்று விதமாகக் கலந்து வைக்கவேண்டும். 50-இல் ஒரு பங்கு கலந்த புட்டியில் 3.0 மில்லிகிராம் குறைந்தது எனின், தேவை 150. 100-இல் ஒரு பங்கு கலந்ததில் 2.5 குறைந்தது எனின், 250. 200-இல் ஒரு பங்கு கலந்ததில் 2.2 குறைந்தது எனின், 440. நஞ்சற்ற நீராயின் மூன்றும் ஏறத்தாழ ஒத்திருக்கவேண்டும். இங்கே கலப்பு மிகுந்தோறும் தேவை ஏறுகின்றது. நஞ்சு நீர்த்துப்போகப் போகக் கிருமிகள் உயிர்பெற்று உழைக்கின்றன என்பது இதன் பொருள். இவற்றின் சராசரியை எடுத்து 280 என்று எழுதுதல் பெரும்பிழை. மூன்று எண்களும் ஒவ்வாமையே இங்கு முடிவு. அதனையே அறிக்கையில் எழுதவேண்டும். ஒரே ஒரு புட்டி வைத்தவர்க்கு இவ்வறிவு கிட்டாது. நேரமும் புட்டியும் மிச்சப்படுத்த எண்ணுவோரை நாம் அறிவோம். அவ்வெண்ணம் நமக்கும் வந்ததுண்டு.

கிருமிகளை நம்பாத மற்றொரு முறை, இரசாயனவழிப் பிராணவாயுத் தேவை, சி.ஓ.டி. என்பர். நீரைப் பொட்டாசியம் டைக்குரோமேட்டொடும் கந்தகத் திராவகத்தொடும் இரண்டு மணி நேரம் காய்ச்சி, எவ்வளவு டைக்குரோமேட்டு செலவாயிற்று என்று அளப்பது இது. ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறிச் செல்லும். துணைக்கு வெள்ளி சல்பேட்டும், குளோரைடு குறுக்கிடாமைக்குப் பாதரச சல்பேட்டும் இடுவர். எஞ்சிய டைக்குரோமேட்டை இரும்பு உப்புக் கரைசலால் அளவிடுவர். நஞ்சிருந்தாலும் இம்முறை மயங்காது. ஆதலின் உயிர்வழி எண்ணையும் இரசாயனவழி எண்ணையும் அருகருகே வைத்து நோக்கல் வேண்டும். பின்னது மிகப் பெரிதாயிருக்க முன்னது மிகச் சிறிதாயிருந்தால், பொருள் கிருமிகளால் தின்னப்படாததாக இருக்கலாம். அன்றிக் கிருமிகள் தின்ன இயலாது கிடக்கலாம். எது என்பதை முற்கூறிய மூன்று புட்டிகளே சொல்லவேண்டும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. சோதனை முடிந்த குழாயில் குரோமியமும் வெள்ளியும் பாதரசமும் கடுந்திராவகமும் நிற்கின்றன. சாயச்சாலையின் குற்றத்தை அளந்த கையால் அதனைத் தொட்டியிற் கொட்டிக் குழாய்நீரைத் திறந்துவிடுவது என்ன நியாயம்? அதற்கெனத் தனிக்கலம் வைத்துச் சேர்த்தல் வேண்டும்.

அளந்தறிதலால் வந்த நன்மைக்கும் ஒரு சான்று தருவோம். ஒரு கிராம் அசெட்டிக் அமிலம் முற்றும் எரிதற்கு வேண்டும் பிராணவாயு 1.07 கிராம், ஒரு கிராம் பார்மிக் அமிலத்திற்கோ 0.35 கிராம். மூலக்கூற்று எடைகளைக் கொண்டு எந்த மாணவரும் இதனைக் கணித்தறியலாம். பார்மிக் அமிலம் வலிமை மிக்கதாதலின் குறைந்த அளவே போதும். தொட்டியில் அமிலத்தை மாற்றியமைத்த அளவிலேயே ஆற்றின் சுமை மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்குகின்றது. கழிவுநீர் நிலையத்தில் ஒரு செங்கலும் வைக்கவேண்டியதில்லை.

குரோமியம் தனியே கூறத்தக்கது. நம் நாட்டார் சாயவேரும் படிக்காரமும் கொண்டு பருத்தியிற் சிவப்பேற்றினர். படிக்காரம் சாயத்தைத் துணியொடு பிணைக்கும்; இத்தகையதை நிறமூன்றி என்பர். கம்பளிக்கு மேனாட்டார் கண்ட வலிய நிறமூன்றி டைக்குரோமேட்டே. கருப்பும் கருநீலமும் வெயிலுக்கும் வெளுப்புக்கும் அசையாமல் நிற்க வேண்டுமாயின், சாயம் ஏற்றிய கம்பளியை டைக்குரோமேட்டொடு மீண்டும் காய்ச்சுவர். கம்பளியிலுள்ள கந்தகப் பிணைப்புகள் குரோமியத்தை ஆறு இணைதிறனிலிருந்து மூன்று இணைதிறனுக்கு இறக்கும். இறங்கிய குரோமியம் சாயத்தொடு பிணையும். நாம் குடுவையில் இட்ட அதே உப்பு, தோய்ப்போர் தொட்டியில் இட்ட அதே மாற்றம். ஆரஞ்சு பச்சையானதும் அதுவே.

100 கிலோகிராம் கம்பளிக்கு 2 கிலோகிராம் பொட்டாசியம் டைக்குரோமேட்டு இட்டதாகக் கொள்வோம். அதிற் குரோமியம் ஏறத்தாழ 707 கிராம். பத்தில் ஒரு பங்கு கம்பளியில் ஏறாமல் நின்றால் 70 கிராம். தொட்டிநீர் 2,000 லிட்டராயின் லிட்டருக்கு 35 மில்லிகிராம். நம் நாட்டுப் பொதுவரம்பு மொத்தக் குரோமியத்திற்கு 2. ஆறு இணைதிறனுடையதற்கு 0.1. முற்காலத்தில் சாயத்தின் எடைக்குப் பாதி டைக்குரோமேட்டு என்று கண்மூடி இட்டனர். சாயத்திற்கு வேண்டிய அளவை மட்டும் கணக்கிட்டு, அமிலத்தன்மையைச் சீராக நிறுத்திக் காய்ச்சினால் தொட்டியில் எஞ்சுவது மிகவும் குறைகின்றது என்று பிற்காலத்தார் கண்டனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பின் தனி அனுமதியின்றி டைக்குரோமேட்டுகளை ஆளலாகாது என்று விதித்தனர். கருநிறக் கம்பளி தோய்க்கும் இத்தாலியச் சாலையார் சிலர் அவ்வனுமதியைக் கோரினர்.

இரண்டு வகைக் குரோமியத்தையும் பிரித்தளப்பது இன்றியமையாதது. ஆறு இணைதிறனுடையது நீரில் எளிதிற் கரைந்து உயிரணுவினுட் புகும்; புற்றுநோய்க்கு ஏதுவாம். மூன்று இணைதிறனுடையது அத்துணைக் கொடிதன்று. கார நீரில் வண்டலாகப் படியும். அமிலமாக்கிய நீரில் டைபினைல்கார்பசைடு இட்டால் முன்னையது செவ்வூதா நிறம் காட்டும். அந்நிறத்தை 540 நானோமீட்டர் அலைநீளத்தில் அளப்பர். மொத்தக் குரோமியத்தை அணு உறிஞ்சல் கருவியால் அளப்பர்.

இங்கும் ஒரு கண்ணி உண்டு. உலோகங்கள் புட்டியின் சுவரில் ஒட்டாமைக்காக நீரை முகந்தவுடன் நைட்ரிக் அமிலம் இடுவது பொதுவழக்கம். சாயக்கழிவில் கரிமப்பொருளும் ஒடுக்கும் பொருளும் நிறைந்திருத்தலால், அமிலமிட்ட அந்நீரில் ஆறு இணைதிறனுடைய குரோமியம் வழியிலேயே மூன்றாக மாறிவிடும். சோதனைச் சாலையை அடையும்பொழுது செவ்வூதா நிறம் தோன்றாது. ‘இல்லை’ என்று எழுதப்படும். ஆற்றிற் புகுந்ததோ மாறாத நஞ்சு. ஆதலின் இரண்டு புட்டிகள் வேண்டும்: ஒன்று அமிலமிட்டது, மொத்தத்திற்கு, மற்றொன்று காரத்தன்மையில், 9.3 முதல் 9.7 வரையுள்ள நிலையில், குளிர்வித்து வைத்தது, ஆறு இணைதிறனுடையதற்கு. பெட்டியில் ஒரே புட்டியைக் கொண்டு சென்றவர் எவ்வளவு திறமையுடன் அளந்தாலும் பயனில்லை. அன்றியும் சாயநீர் தன்னளவிலேயே சிவந்திருக்குமாயின், மருந்து இடாத அதே நீரை ஒப்புக்கு வைத்துக் கழித்தல் வேண்டும்.

நிறத்தைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். ஜெர்மானியர் வடிகட்டிய நீரினூடே 436, 525, 620 நானோமீட்டர் ஆகிய மூன்று அலைநீளங்களில் ஒளியைச் செலுத்தி, ஒரு மீட்டர் நீளத்திற்கு முறையே 7, 5, 3 என வரம்பு கட்டினர். இது செம்மையான முறை. நிறம் பொதுமக்கள் கண்ணுக்குப் படுவது. முறையீடு பெரும்பாலும் நிறத்தைப் பற்றியே எழும். எனினும் நிறம் போக்கிய நீரே நன்னீர் என்று சாலையார் வாதிடுவராயின் அதனை ஏற்றல் கூடாது. பிளீச்சிங் பவுடர் இட்டு நிறத்தைப் போக்கலாம். அவ்வாறு செய்தால் குளோரின் ஏறிய கரிமப் பொருள்கள் பிறக்கும். அவை நிறமற்றவை, நெடுநாள் அழியாதவை.

நாம் இறுதியாகக் கூற எடுத்துக்கொண்டது, மேற்கூறிய எதனாலும் அகப்படாத ஒன்று. கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கும். கம்பளங்களைக் காக்கும் பொருட்டுத் தோய்ப்புத் தொட்டியிலேயே பூச்சிமருந்தையும் இட்டுவிடுவர். முன்னர் டீல்ட்ரின் என்னும் மருந்து வழங்கிற்று. பின்னர்ப் பெர்மெத்ரின் வந்தது. ஆட்டின் உண்ணியைப் போக்க மேய்ப்பர் இட்ட மருந்தும் மயிரொடு வந்து கழுவும் நீரில் இறங்குவதுண்டு. அவ்வாறு ஆட்டுக்கு இட்ட சைபர்மெத்ரின் முழுக்குமருந்தின் விற்பனையை 2006-இல் பிரிட்டனில் நிறுத்திவைத்தனர். இவை நீர்வாழ் பூச்சிகளை மிகமிகச் சிறிய அளவிலேயே கொல்வன. லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று, அதாவது மில்லிகிராமில் பத்துலட்சத்தில் ஒரு பங்கைக் கொண்டு, கணக்கிடவேண்டிய பொருள் இது. பிராணவாயுத் தேவையில் இதன் பங்கு ஒன்றுமில்லை, நிறமில்லை, மணமில்லை. கண்ணாடிப் புட்டியில் முகந்து, கரைப்பானிற் பிரித்தெடுத்து, வாயு நிறச்சாரல் பிரிகைக் கருவியிலிட்டு அளக்கவேண்டும். பிளாஸ்டிக் புட்டியில் முகந்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்; மீண்டும் ‘இல்லை’ என்ற சொல்லே வரும்.

இதனை முதலில் அறிவிப்பன நீரடிக் கற்களின் கீழ் வாழும் சிற்றுயிர்களே. 1970-களின் இறுதியில் பிரிட்டிஷ் உயிர்நூலார் ஆற்றின் சிற்றுயிர்க் குடும்பங்களுக்கு மதிப்பெண் வகுத்தனர். மேஃபிளை என்னும் பூச்சியின் குடும்பங்கள் பலவற்றுக்குப் பத்து; சேற்றுப் புழுவுக்கு ஒன்று. காலால் கற்களைக் கலக்கி, வலையில் விழுவனவற்றை வெள்ளைத் தட்டிலிட்டு எண்ணுவர். அங்கே மீன் இருக்கும், பிராணவாயு நிறைந்திருக்கும், நீர் தெளிந்திருக்கும்; பூச்சிப் புழுக்கள் மட்டும் இரா. மாதம் ஒருமுறை முகந்த புட்டியில் அகப்படாத ஓர் இரவுக் கசிவை அந்த வெறுந்தட்டு காட்டிவிடும்.

எந்தச் சாலையினின்று வந்தது என்பதைத் தட்டு சொல்லாது. அதற்கு, பூச்சிகள் இல்லாத இடத்தினின்று மேல்நோக்கி நடந்து, ஒவ்வொரு கழிவுக்குழாய் வாயிலும் கண்ணாடிப் புட்டியை நிரப்பிச் செல்லவேண்டும். பிராட்போர்டின் ஓடை நகரத்தின் அடியிலே சுரங்கமாக ஓடி, பின்னர் வெளிப்பட்டு, ஷிப்லி என்னுமிடத்தில் ஏர் ஆற்றை அடைகின்றது. அத்தகைய இடங்களில் ஆய்வாளர் விளக்கேந்திச் சுரங்கத்தினுள் இறங்கியே ஒவ்வொரு வாயாகத் தேடவேண்டியிருக்கும்.